கயோட்டிக்கு ஒன்று, பிரெய்ரி நாய்க்கு ஒன்று: செமி-ஆட்டோ ரைஃபிளும் ஸ்கோப்பும்

சிங்கப்பூரில் தேசிய சேவையில் எஸ்ஏஆர் 21 ரைஃபிள் பிடித்துப் பழகியவர்கள் டெக்சஸிலோ வயோமிங்கிலோ கயோட்டி (ஓநாய் இனத்துச் சிறு விலங்கு), பிரெய்ரி நாய் (வளை தோண்டும் அணில் இனம்) போன்ற தொல்லை விலங்கு வேட்டைக்குப் போனால், கண்ணை மூடிக்கொண்டு ஏஆர்-15 ரைஃபிளை எடுப்பார்கள். ஏறக்குறைய அதே தோட்டா, சுட்டதும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் அதே செமி-ஆட்டோ பழக்கம். ஆனால் முகாமில் சுட்டது ஆள் அளவு இலக்கு. பிரெய்ரி நாய் எழுந்து நின்றாலும் அகலம் 8 செ.மீ. இருந்தால் அதிகம். எஸ்ஏஆர் 21-இன் 1.5 மடங்கு ஸ்கோப்பில் 200 கெஜத்துக்கு அப்பால் அதைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. அதனால் ரைஃபிளைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தைவிட ஸ்கோப்புக்கும் தோட்டாவுக்கும் கூடுதல் நேரம் கொடுங்கள்.

எந்த நாட்டில் சுடப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பாதி விஷயம் அங்கேயே முடிந்துவிடும். ஆஸ்திரேலியாவில் 1996 போர்ட் ஆர்தர் படுகொலைக்குப் பிறகு செமி-ஆட்டோ சாதாரண வேட்டை உரிமத்தில் கிடைக்காது. நியூசிலாந்தில் 2019 முதல் சென்டர்ஃபயர் (தோட்டா அடியின் நடுவில் தட்டி வெடிக்கும்) செமி-ஆட்டோ ரைஃபிள் வேட்டைக்காரர்களுக்கு இல்லை, 10 தோட்டா வரை கொள்ளும் .22 ரிம்ஃபயர் (அடி விளிம்பில் தட்டி வெடிக்கும்) ரைஃபிள் தப்பியது. இந்த இரு நாடுகளுக்கும் போகிறவர்கள் ஒவ்வொரு தோட்டாவையும் கையால் ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் பார்த்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் செமி-ஆட்டோ கிடைக்கும். ஆனால் மாணவர் விசா, வேலை விசா போன்றவற்றில் இருப்பவர் நண்பரின் துப்பாக்கியைக் கையில் வாங்கவே பொதுவாகச் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வேண்டும். மேகசினில் எத்தனை தோட்டா என்பதற்கும் சில மாநிலங்களில் வரம்பு உண்டு.

இனி போட்டியாளர்கள். .22 எல்ஆர் என்ற சிறு ரிம்ஃபயர் தோட்டா சுடும் ரூகர் 10/22 ரைஃபிள், 1964 முதல் சந்தையில் இருக்கிறது. உதிரிபாகம் எங்கும் கிடைக்கும், தோட்டாவும் மலிவு. அணில், முயல், 75 கெஜம், அதோடு சரி. 50 கெஜத்தில் ஸீரோ வைத்தால் (குறியும் குண்டும் ஒன்றும்படி அமைத்தால்) 100-இல் குண்டு ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக இறங்கிவிடும். சத்தம் குறைவு என்று ஒலியைவிட மெதுவாகப் போகும் சப்சானிக் தோட்டா வாங்கினால், சில ரைஃபிள்களில் போல்ட் (குழலின் பின்வாயை மூடும் பாகம்) முழுதாகப் பின்னே போகாமல் வெற்று உறை வாயிலேயே சிக்கி நிற்கும்.

.17 எச்எம்ஆர் ரிம்ஃபயர் தோட்டா 2002-இல் வந்தது. 17 கிரெய்ன் (சுமார் 1.1 கிராம்) குண்டு விநாடிக்கு சுமார் 777 மீட்டர் வேகத்தில் கிளம்பும். 150 கெஜம் வரை நேர்கோடு மாதிரிப் போகும், காற்றில்லாத நாளாக இருந்தால். மணிக்கு 16 கி.மீ. குறுக்குக் காற்று 100 கெஜத்திலேயே அதை 8, 9 செ.மீ. தள்ளிவிடும். இதில் செமி-ஆட்டோ என்றால் பொறியமைப்பைக் கேட்டு வாங்குங்கள். அழுத்தம் அதிகமான ரிம்ஃபயர் தோட்டாவுக்கு வெடிப்பின் உந்துதலே போல்ட்டைப் பின்தள்ளும் வெறும் புளோபேக் போதாது, போல்ட் முழுதாக மூடுமுன் வெடித்தால் உறை பிளந்துவிடும். 2015-இல் வந்த சாவேஜ் ஏ17, போல்ட்டைக் கணநேரம் பிடித்துவைக்கும் டிலேய்ட் புளோபேக் முறையில் இயங்குகிறது. பழைய மாடல் மலிவாகக் கிடைக்கிறதே என்று போக வேண்டாம்.

மூன்றாவது, .223 ரெமிங்டனில் ஏஆர்-15. 55 கிரெய்ன் பிளாஸ்டிக் முனைக் குண்டு 24 அங்குலக் குழலிலிருந்து விநாடிக்கு சுமார் 988 மீட்டர். 300 கெஜம் இதன் நியாயமான எல்லை. வாங்கும்போது பார்க்க வேண்டியது குழல்தான்: 20 அல்லது 24 அங்குலம், கனமான வகை, .223 வைல்டு சேம்பர் (தோட்டா உட்காரும் அறை), ட்விஸ்ட் 1:8 அல்லது 1:9 (உள்வரி 8 அல்லது 9 அங்குலத்தில் ஒரு சுற்று). படைத்துறை வழக்கமான 1:7 ட்விஸ்டில் மெல்லிய உறையுள்ள 40 கிரெய்ன் குண்டு, சுழற்சி தாங்காமல் நடுவானிலேயே சிதறக்கூடும். பச்சை முனை 62 கிரெய்ன் படைத்துறைத் தோட்டா இங்கே தவறான தேர்வு. விரியாமல் ஊடுருவிப் போகும், கல்லில் பட்டால் எகிறும். ட்ரிகரையும் மாற்றிவிடுங்கள். தொழிற்சாலை ட்ரிகர் 3 கிலோ வரை இழுவை கேட்கும், நல்ல இரண்டு-கட்ட ட்ரிகர் 2 கிலோவில் முடித்துவிடும்.

செமி-ஆட்டோ உண்மையில் போல்ட்டை வெல்வது கயோட்டி வேட்டையில். கூப்பிட்டு வரவழைக்கும்போது இரண்டு, மூன்று சேர்ந்து வரும், 50 முதல் 150 கெஜத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கும். கையை எடுக்காமல் அடுத்த குண்டு போடலாம், முதல் குண்டு எங்கே மண்ணைக் கிளப்பியது என்பதையும் ஸ்கோப்பிலேயே பார்க்கலாம். பிரெய்ரி நாய்க் குடியிருப்பில் கதை வேறு. 300 கெஜத்தில் 8 செ.மீ. என்பது 1 எம்ஓஏ, அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக் கோணம். நல்ல ஏஆர், நல்ல தோட்டாவோடு முக்கால் முதல் 1 எம்ஓஏ குழு (குண்டுகள் விழும் பரப்பு) போடும், எனவே பிழைக்கு இடமே இல்லை. கனக்குழல் போல்ட் அரை எம்ஓஏ தரும். போதாக்குறைக்குச் செமி-ஆட்டோவில் விரல் சும்மா இருக்காது. இருபது, முப்பது குண்டு விடாமல் போட்டால் குழல் சூடேறி, குண்டு விழும் இடம் நகரும், குழலிலிருந்து எழும் வெப்ப அலை ஸ்கோப்பில் படத்தை நெளிய வைக்கும். கயோட்டிக்கு ஏஆர், பிரெய்ரி நாய்க்கு போல்ட் என்பதே என் தீர்ப்பு. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஏஆர் வாங்கி, ஐந்து குண்டுக்கு மேல் தொடர்ந்து போடாமல் குழலை ஆறவிடுங்கள்.

ஸ்கோப்பில் பலரும் உருப்பெருக்கத்தைப் பார்த்து ஏமாறுகிறார்கள். 6-24x50 (6 முதல் 24 மடங்கு, 50 மி.மீ. முன்லென்ஸ்) கடையில் கம்பீரமாகத் தெரியும். நடுப்பகல் வெயிலில் 16 மடங்குக்கு மேல் ஏற்றினால் கானல்தான் பெரிதாகும். ஆறு மடங்கில் தொடங்குவதால் பக்கத்தில் ஓடும் கயோட்டியைப் பிடிக்கவும் முடியாது. ஏஆருக்கு 3-15x44 போன்றது நடுநிலை. 10/22-க்கு 2-7x32 போதும், ஆனால் பாரலாக்ஸ் 50 கெஜத்துக்கு அமைத்த ரிம்ஃபயர் ஸ்கோப்பாக இருக்கட்டும். 100 கெஜத்துக்கு அமைத்ததை மாட்டி 25-இல் சுட்டால், கண் சற்று விலகினாலே குறி விலகும்.

ரெட்டிகிள் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடு) முதல் குவியத்திலா இரண்டாம் குவியத்திலா? இரண்டாம் குவியத்தில் இருந்தால் குண்டு இறங்கும் அளவைக் காட்டும் கீழிறக்கக் கோடுகள் ஒரே ஒரு உருப்பெருக்கத்தில்தான் சரி, பெரும்பாலும் உச்சத்தில். பத்து மடங்கில் வைத்துக்கொண்டு அந்தக் கோட்டை நம்பிச் சுட்டுத் தவறவிடுவது அன்றாடக் காட்சி. முதல் குவியத்தில் கோடும் படத்தோடு சேர்ந்து பெரிதாவதால் எப்போதும் சரி. ஆனால் மூன்று மடங்கில் கோடு நூலாக மெலிந்து, மாலை வெளிச்சத்தில் புதரோடு கலந்துவிடும். கயோட்டிக்கு இரண்டாம் குவியமே என் விருப்பம். குறியைத் திருத்தும் குமிழின் க்ளிக் அளவில், மீட்டரில் யோசிக்கும் நமக்கு மில் எளிது: 0.1 மில் என்றால் 100 மீட்டரில் 1 செ.மீ. தூரமானியையும் மீட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். டாரட் (அந்தக் குமிழ்) மில், ரெட்டிகிள் எம்ஓஏ என்று கலந்து வரும் மலிவு ஸ்கோப்பைத் தொடாதீர்கள்.

ஏஆரில் ஸ்கோப்பை மாட்டும்போது நடக்கும் பெரிய தப்பு, பின் வளையத்தை ரிசீவரிலும் (ரைஃபிளின் நடு உடல்) முன் வளையத்தை ஹேண்ட்கார்டிலும் (குழலைச் சுற்றிய கைப்பிடி உறை) வைப்பது. பைபாட்டில் (இரட்டைக்கால் தாங்கி) சாய்ந்து அழுத்தும்போது ஹேண்ட்கார்ட் வளையும், ஸீரோவும் அதோடு போகும். முன்னோக்கி நீளும் ஒற்றைத்துண்டு கேண்டிலீவர் மவுன்ட் வாங்கினால் முழுதும் ரிசீவரிலேயே உட்காரும், கண்ணுக்கு வேண்டிய 9, 10 செ.மீ. இடைவெளியும் கிடைக்கும். வளைய ஸ்க்ரூக்களை டார்க் ரெஞ்சால் 15 முதல் 18 இன்ச்-பவுண்டு வரை மாற்றி மாற்றி முறுக்குங்கள். கைவலிமையைக் காட்டினால் ஸ்கோப் குழாய் நசுங்கி உருப்பெருக்க வளையம் இறுகும். முதலில் 25 கெஜத்தில் தாளுக்குள் கொண்டுவந்து, பிறகு 100-இல் மூன்று மூன்று குண்டாக ஸீரோ செய்யுங்கள்.

வாங்கிய ஸ்கோப்பை ஊருக்கு எடுத்துவரலாம் என்று திட்டமிடாதீர்கள். ரைஃபிள் ஸ்கோப் அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருள். நண்பரிடமே விட்டுவிடுவது நல்லது. சட்டைப் பை, பையின் ஓர ஜிப், காலணிக்குள் எல்லாம் தோட்டா இருக்கிறதா என்று புறப்படும் முன் கொட்டிப் பாருங்கள். சிங்கப்பூரில் 1973-ஆம் ஆண்டு ஆயுதக் குற்றச் சட்டப்படி அனுமதியின்றித் தோட்டா வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு சிறை, குறைந்தது 6 பிரம்படி. நினைவுக்கென்று வெற்று உறைகூட வேண்டாம்.