வன்னியிலிருந்து பிஎச்.டி: யாழ்ப்பாணமா, இந்தியாவா, லண்டனா?

வரலாறோ அரசறிவியலோ சர்வதேச உறவுகளோ படித்து முடித்த எங்கள் பிள்ளைகள் பிஎச்.டி என்றதும் எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பேர் பெரிது என்றுதான் பார்க்கிறார்கள். உங்கள் ஆய்வுக்கான ஆதாரம் எங்கே கிடக்கிறது, அதை வாசிக்கத் தெரிந்த மேற்பார்வையாளர் எங்கே இருக்கிறார் என்று பார்ப்பதுதான் சரி. மூன்று வழிகளையும் நான் அதை வைத்தே நிறுக்கிறேன்.

வன்னிக்குள்ளேயே இந்தப் பாடங்களில் பதிய வழியில்லை. வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 இல் தனியாகப் பிரிந்தபோது இருந்தவை பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள் ஆகிய பீடங்கள்தான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி அறிவியல் நகர் வளாகத்திலும் கலைப்பீடம் இல்லை. ஆகவே வீட்டில் இருந்தபடி செய்வதென்றால் அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் இருக்கும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்குத்தான் போய்வர வேண்டும். கிளிநொச்சிக்காரருக்கு அது பஸ் பயணம். முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒட்டுசுட்டானில் படிப்பிக்கும் ஆசிரியருக்கோ மேற்பார்வையாளரை ஒருதரம் சந்திக்க ஒருநாள் லீவு போய்விடும்.

ஆனாலும் இடப்பெயர்வு, மீள்குடியேற்றம், காணி, காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் என்று ஆய்வு செய்வதானால் யாழ்ப்பாணத்தைத்தான் முதலில் வைப்பேன். காரணம் ஆதாரம் மனிதரிடம் இருக்கிறது. முதியவர் ஒருவரிடம் எந்த ஆண்டு என்று கேட்டால், "ஜெயசிக்குறு தொடங்கேக்கை நாங்கள் மாங்குளத்தில இருந்தனாங்கள்" என்பார். அந்த இராணுவ நடவடிக்கை தொடங்கியது 1997 மே என்று இங்கே வளர்ந்தவருக்கு உடனே பிடிபடும். அதற்கடுத்து எந்தக் குளத்தடிக்குப் போனார்கள், யாருடைய காணியில் கொட்டில் போட்டார்கள் என்று கேட்கவும் தெரியும். வெளியிலிருந்து வருபவர் அந்த இடத்தில் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவார். காணி உறுதிகளும் அட்டைகளும் 2009 இல் அழிந்துபோன ஊர்களில் இந்தப் பேச்சுத்தான் பதிவேடு. கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) இருக்கும் காகிதங்களுக்கு 2016 ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். எழுத்தில் கேளுங்கள், இல்லையென்றாலும் எழுத்திலேயே பதில் வாங்குங்கள். அந்தப் பதிலும் ஆய்வுக்கு ஆதாரம்தான்.

இந்த வழியின் பலவீனம் பணமும் நேரமும். வேலை செய்துகொண்டு பகுதிநேரமாகச் செய்பவருக்கு ஆண்டுகள் இழுபடும். முதுதத்துவமாணியில் (எம்.பில்) தொடங்கிக் கலாநிதிக்கு (பிஎச்.டி) உயர்த்துவதானால் இன்னும் நீளும். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் அவை 11 ஆம், 12 ஆம் மட்டங்கள். கொழும்புச் சுவடிக்கூடத்தில் சில மாதங்களாவது இருக்க வேண்டிவரும். அறை வாடகையை முதலிலேயே கணக்கில் எடுங்கள்.

இந்தியாவை எங்கள் பிள்ளைகள் தேவையில்லாமல் பின்னுக்குத் தள்ளுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். 1796 இல் ஒல்லாந்தரிடமிருந்து கரையோரத்தைப் பிடித்த ஆங்கிலேயக் கம்பனி முதலில் மதராசிலிருந்தே ஆண்டது. இலங்கை பிரித்தானிய முடிக்குரிய குடியேற்றமானது 1802 இல். அந்தக் காலத்து வன்னியை ஆராய்பவர் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தைத் தவிர்க்க முடியாது. இந்திய வெளியுறவுக் கொள்கை என்றால் டில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகம் இருக்கிறது. இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகளின்படி எம்.பில் அங்கே நிறுத்தப்பட்டுவிட்டது, பிஎச்.டிக்குக் குறைந்தது 3 ஆண்டு, கூடியது 6 ஆண்டு, பாடநெறி வகுப்பும் கட்டாயம். இந்திய அரசின் ஐ.சி.சி.ஆர் புலமைப்பரிசிலுக்கு முயற்சி செய்யுங்கள். தமிழ்நாட்டு அகதி முகாம்களில் நேர்காணல் செய்ய நினைப்பவர் அரச அனுமதி தேவை என்பதைத் திட்டத்திலேயே எழுதிவிட வேண்டும்.

லண்டன் பக்கம் போக உண்மையான காரணம் இருவருக்கு உண்டு. ஒருவர் சர்வதேச உறவுக் கோட்பாட்டில் ஆழமாக இறங்க விரும்புபவர். மற்றவர் குடியேற்ற ஆட்சிக் காகிதங்களைத் தேடுபவர். வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கியதும் கற்சிலைமடுவில் ஆங்கிலேயப் படை அதிகாரி வொன் டிறிபேர்க்கிடம் தோற்றதும் 1803 இல். கற்சிலைமடுவில் நினைவுக்கல்லும் ஊர்ப்பேச்சும் இருக்கின்றன. தேசாதிபதி லண்டனுக்கு எழுதிய கடிதங்களோ லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், சி.ஓ. 54 என்ற தொகுதியில் கிடக்கின்றன. அதற்கு முந்திய ஒல்லாந்தர் காலம் என்றால் கொழும்பும் ஹேக்கும்தான். பழைய டச்சுக் கையெழுத்தை வாசிக்கப் பழகவே நீண்ட காலம் எடுக்கும்.

முழு உதவித்தொகை கிடைக்காமல் அங்கே போகவேண்டாம். காணியை ஈடுவைத்து வெளிநாட்டு மாணவர் கட்டணம் கட்டி, பாதியில் நின்றால் குடும்பமே தாங்காது. மாஸ்டர்ஸுக்குப் போகும் அநேகருக்கு 2024 ஜனவரி தொடக்கம் துணையையும் பிள்ளைகளையும் கூட்டிப்போக முடியாது, பிஎச்.டி மாணவருக்கு அந்த வழி அடைபடவில்லை. விண்ணப்பிக்க முதல் மேற்பார்வையாளருக்கு 2 பக்கத்தில் உங்கள் கேள்வியை எழுதி அனுப்புங்கள். "வன்னியை உதாரணமாக எடுக்கலாம்" என்று மட்டும் பதில் வந்தால் வேறொருவரைத் தேடுங்கள். எங்கள் சனத்தின் கதை இன்னொருவருடைய கோட்பாட்டுக்கு அடிக்குறிப்பாகக் கூடாது.

எங்கே பதிந்தாலும் நேர்காணலுக்கு முன் ஆய்வு நெறிமுறை அனுமதி எடுங்கள். பேசியவரின் பெயரும் ஊரும் வெளியே தெரிந்தால் விசாரிக்க ஆள் வருவது அவருடைய வீட்டுக்கு. ஒலிப்பதிவை எங்கே வைப்பது, யார் கேட்பது என்பதை அவருக்கு விளங்கச் சொல்லி, அவர் வேண்டாம் என்றால் அந்த இடத்திலேயே அழித்துவிடுங்கள்.