அட்ரஸபிள் ஃபயர் பேனல்: தீர்வு இல்லாத அந்த மஞ்சள் விளக்கு

நாலு மாடி ஜவுளிக்கடையின் தீ எச்சரிக்கைக்கு கன்வென்ஷனல் பேனல் (எந்த ஜோன், அதாவது எந்தப் பகுதி என்று மட்டும் சொல்வது) போதுமா, அட்ரஸபிள் (ஒவ்வொரு டிடெக்டருக்கும் தனி முகவரி உள்ளது) போடணுமா என்று நண்பர் கேட்டார். ரெண்டு லூப் (டிடெக்டர்கள் வழியாகப் போய் பேனலுக்கே திரும்பும் கேபிள் வளையம்) உள்ள அட்ரஸபிள் பேனலைப் பல மழைக்காலம் ஓட்டிப் பார்த்த பிறகு எழுதுகிறேன்.

பேனல் அருமை. புகை எந்த அறையில், தூசி எந்த டிடெக்டரில் என்று பெயரோடு சொல்லும். கன்வென்ஷனலில் நடுவழியில் கிளை இழுத்துவிட்டால் அந்தக் கிளையில் டிடெக்டரைக் கழற்றினாலும் பேனலுக்குத் தெரியாது. பேனல் கண்காணிப்பது கடைசி முனையில் ரெசிஸ்டர் மாட்டிய லைனை மட்டும்தான். அட்ரஸபிளில் அந்தக் கவலை இல்லை.

ஆனால் எர்த் ஃபால்ட் (வயர் எங்கோ எர்த்தைத் தொட்டுவிடுவது)! ஐப்பசி மழை பிடித்தால் மஞ்சள் விளக்கு எரியும். எந்த இடம் என்று மட்டும் சொல்லாது. லூப்பின் ரெண்டு முனைகளையும் ஷீல்டையும் (கேபிளுக்குள் வயர்களைச் சுற்றிய உலோக உறை) பேனலிலிருந்து கழற்றி, ஒவ்வொரு வயரையும் எர்த்தோடு மல்டிமீட்டரில் அளக்கணும். மெகா ஓமில் நிற்க வேண்டியது சில கிலோ ஓமுக்கு இறங்கியிருக்கும். நடு டிடெக்டர் பேஸில் பிரித்து, கெட்ட பாதியை மறுபடி பாதியாக்கித் தேடணும். டிடெக்டர் மாட்டியிருக்கும்போது 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் கருவி) வைக்கவே கூடாது, எலக்ட்ரானிக்ஸ் போய்விடும். கடைசியில் கிடைப்பது பெரும்பாலும் அற்ப விஷயம்: டேப் சுற்றாத ஷீல்டு வயர் இரும்புப் பெட்டியில் உரசும், கிளாண்ட் (பெட்டிக்குள் நுழையும் இடத்தில் கேபிளைப் பிடிக்கும் பாகம்) இன்சுலேஷனைக் கடித்திருக்கும், ஏசி டிரெயின் தண்ணீர் ஜங்ஷன் பாக்ஸில் இறங்கியிருக்கும்.

சில பேனல்களில் ஒரு ஜம்பரை (சின்ன இணைப்புத் துண்டு) எடுத்தால் விளக்கு அணைந்துவிடும். "இப்போதைக்கு எடுத்துடலாம் சார்" என்பார்கள். விடாதீர்கள். ஒரு எர்த்தால் ஒன்றும் நிற்காது. எதிர் வயரிலும் இன்னொரு எர்த் வந்தால் அது ஷார்ட். ஐசோலேட்டர் (ஷார்ட் ஆன பகுதியை மட்டும் துண்டிப்பது) போடாத லூப் முழுக்கப் படுத்துவிடும். போகிற கேபிளும் திரும்புகிற கேபிளும் ஒரே பைப்பில் போனால் லூப் போட்டதே வீண். பைப் எரிந்தால் ரெண்டும் போகும்.

ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு) ஒப்பந்தத்தில் "கேபிள் நீங்கலாக" என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இந்தத் தேடல் செலவு உங்கள் தலையில். ஏஎம்சி போட்டதால் பொறுப்பு கைமாறிவிடாது. 1997-இல் டெல்லி உபஹார் தியேட்டர் தீயில் 59 பேர் இறந்தார்கள். தீப்பிடித்த டிரான்ஸ்ஃபார்மர் மின்வாரியத்துடையது. ஆனாலும் இழப்பீட்டில் தியேட்டர் தரப்புக்கு 85 சதவீதம், வாரியத்துக்கு 15 என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் பிரித்தது. உங்கள் பேனலின் ஈவென்ட் லாகில் எந்த ஜோனை எந்த நேரத்தில் டிசேபிள் செய்தார்கள் என்பது பதிவாகியிருக்கும். இன்ஷூரன்ஸ் சர்வேயர் கேட்டால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். டிசேபிள் பாஸ்வேர்டை வாட்ச்மேனிடம் கொடுக்காதீர்கள். வேலை முடிந்ததும் கேபிள் போன வழி வரைபடத்தையும் ஒவ்வொரு லூப்பின் எர்த் ரீடிங்கையும் கையெழுத்தோடு வாங்காமல் கடைசித் தவணையைத் தராதீர்கள்.

இத்தனை பாராட்டியும் என் முடிவு இதுதான்: அந்த ரீடிங்கை எழுதிக் கொடுக்கிற ஆள் கிடைக்காவிட்டால், மாடிக்கு ரெண்டு ஜோன் வைத்து, கிளை இல்லாமல் கன்வென்ஷனலே போடுங்கள்.