சிலிக்கான் மார்பு மாதிரி: ஒன்றரை வருடம் பயன்படுத்திய பிறகு

கிராம சுகாதாரச் செவிலியராக இருக்கிறேன். மார்பில் கட்டி வந்தால் எப்படித் தட்டுப்படும் என்று படத்தைக் காட்டிச் சொல்லிப் பார்த்தேன். பெண்கள் தலையாட்டுவார்கள், அதோடு சரி. அதனால் சொந்தக் காசில் ஆன்லைனில் இந்தச் சிலிக்கான் மாதிரியை வாங்கினேன். விலை 3,200 ரூபாய். ஒரு பக்க மார்பு மட்டும், மேசையில் வைத்துத் தடவிப் பார்க்கிற வகை. உள்ளே ஐந்து கட்டிகள்.

கட்டிகளை நன்றாகவே செய்திருக்கிறார்கள். ஒன்று பட்டாணி போல வழுக்கி நகரும். இன்னொன்று புளியங்கொட்டை மாதிரி, ஓரம் ஒழுங்கில்லாமல், அசையாமல் இருக்கும். ஐந்தாவது அடியில், விலா எலும்பை ஒட்டி. மேலாகத் தடவினால் அது தெரியவே தெரியாது. நடு மூன்று விரல்களின் ரேகைப் பக்கத்தைப் பதித்து, முதலில் லேசாக, அப்புறம் கொஞ்சம் அழுத்தி, அப்புறம் நன்றாக அழுத்தினால்தான் கிடைக்கும். மூன்று அழுத்தம் எதற்கு என்று நான் விளக்கவே வேண்டாம், அந்த ஐந்தாவது கட்டி சொல்லிக் கொடுத்துவிடும்.

நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கு எடுத்துப்போனேன். முதலில் ஒரே சிரிப்பு. ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அக்காவின் விரல் மட்டும் புளியங்கொட்டை மேலேயே நின்றுவிட்டது. "இது மாதிரி ஒண்ணு எனக்கு இருக்கு நர்சம்மா. வலிக்கலையேன்னு விட்டுட்டேன்" என்றார். அடுத்த நாளே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். மேமோகிராம் என்கிற மார்பு எக்ஸ்ரே, ஊசிப் பரிசோதனை எல்லாம் முடிந்தது. புற்றுநோய்தான், ஆனால் 2 சென்டிமீட்டருக்கும் குறைவு, அக்குளில் நெறிகட்டவில்லை. அறுவை சிகிச்சை முடிந்து இப்போது வேலைக்கு வருகிறார். வலி இருந்தால்தான் ஆபத்து என்று நம் பெண்கள் நினைப்பது எவ்வளவு பெரிய தவறு என்று அன்றைக்குத்தான் எனக்கே முழுதாக உறைத்தது.

குறைகளும் உண்டு. அக்குள் பகுதியே இல்லை. மார்புத் திசு அக்குள் வரை போகிறது, புற்றுநோய் அதிகம் வருவதும் மேல்வெளிப் பக்கத்தில்தான். தோல் குழிவது, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, ரத்தம் கசிவது எதையும் இதில் காட்ட முடியாது. அதற்குக் கண்ணாடி முன்னால்தான் நிற்க வேண்டும். வெளிர் ரோஜா நிறத்தைப் பார்த்து "வெள்ளைக்காரி மாரு" என்றார்கள். ஆறே மாதத்தில் ஓரம் கிழிந்துவிட்டது. விற்றவருக்கு மூன்று முறை எழுதியும் பதில் இல்லை. பவுடர் போடாவிட்டால் தூசி ஒட்டிப் பிசுபிசுக்கும்.

இன்னொன்று, மாதிரி முழுக்க ஒரே வழவழப்பு. நிஜ மார்பு அப்படி இருக்காது, மாதவிடாய்க்கு முன் அங்கங்கே நெறுநெறுவென்று இருக்கும். அதனால் விலக்கு தொடங்கி 7 முதல் 10 நாளுக்குள் பாருங்கள் என்கிறேன். விலக்கு நின்றவர்களுக்கு அமாவாசையைச் சொல்லிவிடுவேன், மறக்க மாட்டார்கள்.

இதை வாங்கினால் போதும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஷாங்காயில் 2,66,000 பெண்களை வைத்து நடந்த ஆய்வில், சுயபரிசோதனை கற்றுக்கொடுத்ததால் மட்டும் இறப்பு குறையவில்லை என்று 2002-இல் தெரிந்தது. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை நடத்திய ஆய்வு வேறு மாதிரி. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள். நோய் முன்கூட்டியே பிடிபட்டது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. ஆகவே மாதிரியைத் தொட்டுப் பார்க்கும் ஒவ்வொருவரையும் அன்றைக்கே திரைக்குப் பின்னால் அழைத்து நானே பரிசோதித்துவிடுகிறேன்.

செவிலியர்கள், சுயஉதவிக் குழுக்காரர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் மேசையில் வைக்கிற இந்த வகை வேண்டாம். கழுத்தில் மாட்டி மார்பில் கட்டிக்கொள்ளும் வகையும் கிடைக்கிறது, விலை கூடுதல். தன் உடம்பில் கை எந்தக் கோணத்தில் போகும் என்பது கட்டிக்கொண்டு தடவினால்தான் பிடிபடும். நான் அதற்குத்தான் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.