ரிஸ்டோர், ரெனவேட், ரீபில்ட்: எதை எங்கே போடுவது?

தமிழில் 'புதுப்பித்தல்' என்ற ஒரே சொல் எவ்வளவு சுமக்கிறது பாருங்கள். உரிமத்தைப் புதுப்பிக்கிறோம், வீட்டைப் புதுப்பிக்கிறோம், பழைய ஓவியத்தையும் புதுப்பிக்கிறோம். இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்தில் எழுதப் போனால் கால் இடறும். ஒருமுறை மொழிபெயர்ப்பு ஒன்றில், மங்கிப்போன பழைய ஓவியத்தை 'ரெனவேட்' செய்தார்கள் என்று எழுதிவிட்டேன். சரிபார்த்தவர் அதை அடித்துவிட்டு 'ரிஸ்டோர்' என்று மாற்றினார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அன்று தேட ஆரம்பித்தது, இன்றும் விடவில்லை.

ரெனவேட்டுக்குள் இருப்பது 'நோவுஸ்' என்ற லத்தீன் சொல். புதியது என்று பொருள். பழைய கட்டடத்தை எடுத்து, இன்றைக்குத் தோதாக மாற்றுவது ரெனவேட். தடுப்புச் சுவரை இடிக்கலாம், ஜன்னலைப் பெரிதாக்கலாம், தரையை மாற்றலாம். அந்தச் சொல் எதையும் தடுக்காது. ரிஸ்டோர் அப்படியில்லை, அதன் முகம் பின்பக்கம் திரும்பியிருக்கிறது. முன்பு எப்படி இருந்ததோ அந்த நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு வீட்டை ரிஸ்டோர் செய்தேன் என்று சொன்னால், இடையில் யாரோ பெரிதாக்கிய ஜன்னலைப் பழைய அளவுக்கே குறைத்திருப்பீர்கள் என்றுதான் கேட்பவர் நினைப்பார்.

ஒரு பழைய மர மேசையை வைத்துப் பார்க்கலாம். ஆடும் காலைப் பசை போட்டு இறுக்கினால் ரிப்பேர். மேலே அடுக்கடுக்காகப் பூசிய பெயின்ட்டைச் சுரண்டி எடுத்து, அடியில் மறைந்திருந்த மரத்தின் ரேகையைத் தெரியவைத்து, முதலில் இருந்த அதே மெருகைக் கொடுத்தால் ரிஸ்டோர். கீறலை அடைத்து, புதுக் கைப்பிடி மாட்டி, பளிச்சென்று ஆக்கி விற்பனைக்கு வைத்தால் ரீஃபர்பிஷ். மேசையை ரெனவேட் செய்தேன் என்றால் காதுக்கு ஒட்டாது. அது பெரும்பாலும் கட்டடத்துக்கும் அறைக்கும் உரிய சொல். பழைய காருக்கும் அது பொருந்தாது, அங்கேயும் ரிஸ்டோர்தான்.

ரீஃபர்பிஷ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'ஃபர்பிஷ்' என்றாலே துலக்கி மெருகேற்றுவது. ஆயுதங்களைத் துலக்குவதற்குச் சொன்ன சொல். இன்று கைபேசி, மடிக்கணினி, ஓட்டல் அறை, அலுவலகம் என்று வணிகம் இருக்கும் இடத்தில் அதிகம் புழங்குகிறது.

உண்மையில் நுணுக்கமான இடம் ரிஸ்டோருக்கும் ரீகன்ஸ்ட்ரக்ட்டுக்கும் நடுவில் இருக்கிறது. பாரம்பரிய இடங்களைப் பாதுகாப்பதற்கான வழிகாட்டியாக ஆஸ்திரேலியாவில் 1979-இல் ஏற்கப்பட்ட பர்ரா சாசனம் இதற்கு ஒரு தெளிவான கோடு போடுகிறது. பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டதை நீக்கியோ, இருக்கிற பகுதிகளையே மறுபடி சேர்த்தோ, புதுப் பொருள் எதுவும் கலக்காமல் பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் ரெஸ்டரேஷன். புதுப் பொருள் உள்ளே வந்துவிட்டால் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன். இரண்டிலும் அந்தப் பழைய நிலை எது என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்கு முன்பே 1964-இன் வெனிஸ் சாசனம், ஊகம் எங்கே தொடங்குகிறதோ அங்கே ரெஸ்டரேஷன் நின்றுவிட வேண்டும் என்றது. எனக்கு மிகவும் பிடித்த வரையறை இதுதான். தெரியாததை இட்டுக்கட்டி நிரப்பும் கைக்கு ரிஸ்டோர் என்ற பெயர் கிடைக்கக் கூடாது.

அன்றாட ஆங்கிலம் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதில்லை என்பதும் உண்மை. பாரிஸின் நோத்ர்தாம் பேராலயம் 2019 ஏப்ரலில் தீப்பிடித்து, 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. புது மரமும் புதுக் கல்லும் போட்டும், மொத்த வேலையையும் ரெஸ்டரேஷன் என்றே சொன்னார்கள். பேராலயம் நின்றுகொண்டிருந்ததே, அதனால் அது சரிதான். ஆனால் எரிந்து விழுந்த கூர்ங்கோபுரத்தை மட்டும் தனியாகப் பேசினால் ரீபில்ட் அல்லது ரீகன்ஸ்ட்ரக்ட் பொருந்தும். மீட்டெடுக்க அங்கே எதுவும் மிஞ்சவில்லை.

அப்படியென்றால் ரீபில்டும் ரீகன்ஸ்ட்ரக்ட்டும் ஒன்றா? கட்டடத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ரீகன்ஸ்ட்ரக்ட்டில் சான்றைத் தேடிச் சேர்க்கும் வேலை கூடவே வரும். இரண்டாம் உலகப் போரில் தரைமட்டமான வார்சாவின் பழைய நகரத்தை எழுப்பியபோது, 18-ஆம் நூற்றாண்டு ஓவியர் பெல்லோட்டோ வரைந்த நகரக் காட்சிகளையும் பார்த்துக் கட்டினார்கள். அதற்கு ரீகன்ஸ்ட்ரக்ட் கச்சிதமான சொல். போலீஸ் ஒரு விபத்தை ரீகன்ஸ்ட்ரக்ட் செய்யும், ரீபில்ட் செய்யாது. மண்டை ஓட்டிலிருந்து முகத்தை உருவாக்குவதும், வழக்கொழிந்த மூலமொழியின் சொற்களை ஊகித்து எடுப்பதும் ரீகன்ஸ்ட்ரக்ட்தான். இன்ஜினைக் கழற்றி, தேய்ந்த பாகங்களை மாற்றிப் பூட்டினால் மெக்கானிக் அதை ரீபில்ட் என்பார்.

கண்ணுக்குத் தெரியாத விஷயங்களுக்கு வரும்போது ரெனவேட்டும் ரீஃபர்பிஷும் பெரும்பாலும் ஒதுங்கிவிடும். மின்சாரம், அமைதி, பார்வை, ஒழுங்கு எல்லாமே ரிஸ்டோர். நம்பிக்கைக்கு மட்டும் இரண்டு வழி. ரிஸ்டோர் என்றால் ஒரே ஒரு அறிவிப்பிலேயே நம்பிக்கை திரும்பி வந்திருக்கலாம். ரீபில்ட் என்றால் அது முழுக்க இடிந்துபோய், கல் கல்லாக அடுக்கப்படுகிறது, நாள் பிடிக்கும். முறிந்த நட்பைப் பற்றி எழுதும்போது நான் ரீபில்டைத்தான் எடுப்பேன்.

கடைசியாக, வாக்கிய அமைப்பு. எந்த நிலைக்கு, யாரிடம் என்பதைச் சொல்ல ரிஸ்டோர் 'டு' என்ற இடைச்சொல்லைச் சேர்த்துக்கொள்ளும். 1660-இல் இரண்டாம் சார்லஸ் இங்கிலாந்தின் அரியணைக்கு ரிஸ்டோர் செய்யப்பட்டார் என்பது அந்த அமைப்பு. ரெனவேட்டை இப்படி எழுத முடியாது. 'ரிஸ்டோர் பேக்' என்று எழுதுவதைத் தவிர்க்கலாம், திரும்ப என்பது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. 'ரீபில்ட் அகெய்ன்' என்பதும் பொதுவாக அதே தவறுதான். ஆனால் வெள்ளத்தில் போன பாலத்தை ஒருமுறை ரீபில்ட் செய்து, நிலநடுக்கத்தில் அது மறுபடி விழுந்து, இரண்டாம் தடவை கட்டினார்கள் என்றால் தாராளமாக எழுதுங்கள்.