புது ஸ்கூல்ல டெப்புக்கெண்டு காசு கட்டப் போறீங்களா? முதல்ல இத வாசியுங்கோ

ஜனவரி அட்மிஷனுக்கு எல்லாரும் ஓடித்திரியிற நேரம் இது. கொழும்புல புதுசா தொடங்கின பிரைவேட் ஸ்கூலுக்கு பிள்ளைய மாத்த யோசிக்கிற ஆக்கள் தயவுசெய்து கடைசி வரைக்கும் வாசியுங்கோ. ஸ்கூலின்ர பேர் போடேல்ல, ஏனெண்டா இப்ப ஒரு லோயரோட கதைச்சுக்கொண்டு இருக்கிறம். நாங்கள் பட்டது இன்னொரு தாய் தகப்பன் படக்கூடாது, அதுக்காகத்தான் எழுதுறன்.

என்ர மகன் ஆறாம் வகுப்பு. முந்திப் படிச்ச ஸ்கூலுக்கு அவன் கொண்டுபோன புத்தகப் பை அவனுக்குச் சுமக்க ஏலாத பாரம், பின்னேரம் வந்து முதுகு நோகுது எண்டு படுத்திடுவான். அந்த நேரம்தான் இந்த ஸ்கூல் நோட்டீஸ் குடுத்தது. லோக்கல் சிலபஸ், இங்கிலிஷ் மீடியம், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு டெப் (டேப்லெட்), பாரமில்லாத பை. நாங்கள் விழுந்தது அந்தப் பை எண்ட கதையிலதான். போய்ப் பாத்தம். பழைய பெரிய வீடு ஒண்ட வாடகைக்கு எடுத்து பெயின்ட் அடிச்சு வகுப்பாக்கி இருந்தவை, பிரின்சிபல் மெடம் நல்லாக் கதைச்சா, மேசையில ஒரு நல்ல டெப் இருந்தது, மகனிட்ட குடுத்து "தம்பி, கீறிப் பாருங்கோ" எண்டா. அவன் பேனையால கீற உடன உடன விழுந்தது. அண்டைக்கு நாங்கள் பாத்தது வேற டெப், பிறகு கைக்கு வந்தது வேற டெப். இது எங்களுக்கு விளங்க அரை வருஷம் போச்சு.

டெப்புக்கு 68,000 ரூபா, அதுக்குள்ள இருக்கிற பாடங்களுக்கு வருஷத்துக்கு 18,500 ரூபா. அட்மிஷன், டேர்ம் ஃபீஸ் எல்லாம் வேற. காசு போட தந்த பேங்க் எக்கவுண்ட் ஸ்கூலின்ர பேரில இல்ல, ஏதோ ஒரு கொம்பனியின்ர பேரில. கேட்டதுக்கு "அது எங்கட டெக்னோலொஜி பார்ட்னர்" எண்டவை. ரிசீட்டில டெப் எண்ட சொல்லே இல்ல. "டெக்னோலொஜி ஃபீ, நொன் ரிஃபண்டபிள்" எண்டு மட்டும் இருந்தது. மொடல் இல்ல, சீரியல் நம்பர் இல்ல, வொரண்டி இல்ல. என்ர மனுசன் அப்பவே "என்ன இது, சாமான் வாங்கின மாதிரியே இல்லையே" எண்டு கேட்டவர், நான்தான் பிள்ளையின்ர அலுவல், முதல் நாளே சண்டை பிடிக்க வேண்டாம் எண்டு அவர அடக்கினன். அத இப்பவும் நினைச்சு நினைச்சு வேதனைப்படுறன்.

ஜனவரியில ஸ்கூல் தொடங்கிச்சு, டெப் வரேல்ல. ரெண்டு கிழமையில வரும், கஸ்டம்ஸ்ல நிக்குது, கப்பல் பிந்திட்டுது எண்டு இழுத்து இழுத்து மார்ச் 4ஆம் திகதி விளக்கேத்தி விழா வச்சுத் தந்தவை. பிள்ளையள் ஒவ்வொருத்தரா மேடையில ஏறி டெப்ப நெஞ்சோட பிடிச்சுக்கொண்டு போட்டோ எடுத்தது. அந்தப் போட்டோ இன்னும் அவையின்ர பேஜில இருக்கு.

வகுப்பில நடந்தத மகன் சொல்லித்தான் தெரியும். இருபத்தெட்டுப் பிள்ளையள், முழு ஸ்கூலுக்கும் வீட்டில வைக்கிற சின்ன ரவுட்டர் ஒண்டு. நாலைஞ்சு பேர் வீடியோ திறந்தாலே மிச்ச ஆக்களுக்கு சுத்திக்கொண்டே நிக்கும், டீச்சர் "எல்லாரும் மூடுங்கோ, நான் போர்ட்ல எழுதுறன்" எண்டுவாவாம். சார்ஜ் பண்ண ஒரு சுவரில ஒரு ப்ளக், அதில மல்ட்டி ப்ளக், அந்த மல்ட்டி ப்ளக்கில இன்னொரு மல்ட்டி ப்ளக். பிள்ளையள் இருக்கிற அறையில இப்படிச் செய்யிறது எவ்வளவு ஆபத்து எண்டு யோசியுங்கோ. டீச்சர்மாரில எனக்குக் கோவமே இல்ல, அவைக்கு ஒரு நாள் ட்ரெய்னிங் கூடக் குடுக்கேல்ல எண்டு ஒரு டீச்சரே கண் கலங்கிச் சொன்னவ.

அந்த 18,500 ரூபாப் பாடம் என்ன எண்டு பாக்க ஒரு இரவு நான் மகன்ர டெப்ப எடுத்து சைவநெறி எண்டத தட்டினன். முதல்ல ஸ்கூலின்ர லோகோ, அடுத்த பக்கம் தேசிய கீதம், அதுக்கு அடுத்ததில கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின்ர பேர். கணிதம் திறந்தன், அதுவும் அப்படித்தான். விஞ்ஞானமும் அப்படித்தான். அரசாங்கம் பிள்ளையளுக்கு சும்மா குடுக்கிற பாடப்புத்தகம், கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின்ர தளத்தில ஆரும் காசில்லாம இறக்கலாம், அத எடுத்து மேல ஒரு லோகோ ஒட்டிப்போட்டு எங்களுக்கு வித்திருக்கினம். கல்வி அமைச்சின்ர ஈ-தக்சலாவ எண்ட இணையத்தளத்திலயும் பாடங்கள் இலவசமா இருக்கு, தமிழிலயும் இருக்கு. இது தெரியாம காசு கட்டின எத்தினை குடும்பம் அந்த வகுப்பில.

சித்திரை வருஷ லீவில டெப் தானா நிண்டு நிண்டு வேலை செய்யத் தொடங்கிச்சு, பின்பக்கம் லேசா வீங்கின மாதிரியும் இருந்தது. ஏப்ரல் கடைசியில ஸ்கூல்ல குடுத்தன். "கொம்பனிக்கு அனுப்பியாச்சு" எண்டு ஜூன் 10ஆம் திகதி வரைக்கும் வச்சிருந்துட்டு, ஒண்டும் செய்யாம அப்படியே திருப்பித் தந்தவை. பிறகுதான் பம்பலப்பிட்டியில யூனிட்டி பிளாசா பக்கம் ரிப்பெயார் செய்யிற ஒரு தம்பியிட்டக் கொண்டு போனன். அவர் கையில வாங்கி ஒரு நிமிஷம் பாத்துட்டு "அக்கா, இத எங்க வாங்கினீங்கள்?" எண்டார். எனக்கு வயித்தப் பிசைஞ்சுது.

அவர் காட்டினத நீங்களும் வீட்டில செய்து பாக்கலாம். பிளே ஸ்டோருக்குள்ள போய் செட்டிங்ஸ்ல எபௌட் எண்ட இடத்த திறந்தா, பிளே புரொடெக்ட் சேர்ட்டிபிகேஷன் எண்டு ஒரு வரி இருக்கும், எங்கட டெப்பில சேர்ட்டிபை பண்ணப்படேல்ல எண்டு காட்டிச்சு. அப்படியெண்டா அது கூகுளின்ர சோதனை பாஸ் பண்ணின சாமான் இல்ல. செட்டிங்ஸ்ல ஆன்ட்ரோயிட் 13, ராம் 12 ஜிபி எண்டு இருந்தது எல்லாம் வெறும் எழுத்து, அப்படிக் காட்ட மாத்தி வச்சிருக்கு. ஹார்ட்வெயார் பாக்கிற ஒரு அப்ளிகேஷனப் போட்டுப் பாத்தா ராம் 2 ஜிபி, ஆன்ட்ரோயிட்டும் பழசு. 256 ஜிபி எண்டு பொக்ஸில இருந்த ஸ்டோரேஜுக்கு அவர் தன்ர பென் டிரைவில இருந்து வீடியோக்கள கொப்பி பண்ணிக்கொண்டே போனார், 32 ஜிபிக்குக் கிட்ட வந்த பிறகும் கொப்பி ஆகிற மாதிரியே காட்டிச்சு, ஆனா அதுக்குப் பிறகு போனத திறந்து பாத்தா ஒரு வீடியோவும் ஓடேல்ல, உண்மையில உள்ள இடம் அவ்வளவுதான். பிறகு பிளாஸ்டிக் துண்டு ஒண்டால பின்பக்கத்த மெல்ல நெம்பித் திறந்தார். பொக்ஸில 8000 எண்டு போட்ட பட்டரி, உள்ளுக்க 4000 எண்டு எழுதியிருக்கு, தலையணை மாதிரி ஊதிப்போய் இருக்கு. "இத இனி சார்ஜ் போடாதேங்கோ அக்கா, நெருப்புப் பிடிக்கும்" எண்டார். என்ர பிள்ளை அத நெஞ்சில வச்சுக்கொண்டு நித்திரை கொண்டவன். அதுக்குப் பிறகு எனக்கு அண்டைக்கு ஒண்டுமே கேக்கேல்ல. இதே மாதிரி டெப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில 22,000 ரூபாக்கு இருக்கெண்டு என்ர மனுசன் விசாரிச்சுக்கொண்டு வந்தார்.

இப்ப முக்கியமான விஷயம். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை எண்டு ஒண்டு இருக்கு, 1977 எண்ட நம்பருக்கு அடிச்சா கதைக்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, சாமான் வாங்கி அல்லது சேவை எடுத்து மூண்டு மாதத்துக்குள்ள எழுத்தில முறைப்பாடு குடுக்க வேணும். எங்களுக்கு டெப் கிடைச்சது மார்ச் 4, அவை திருப்பித் தந்தது ஜூன் 10. ஆறு நாளால அந்த வழி எங்களுக்கு அடைபட்டுப் போச்சு. அவை வேணுமெண்டே இழுத்தவையா இல்லையா எண்டு நான் சொல்ல வரேல்ல, ஆனா "திருத்தித் தாறம்" எண்டு சொன்னாலும் நீங்கள் முறைப்பாட்ட எழுதிக் குடுத்துட்டுக் காத்திருங்கோ. இன்னொண்டு, இப்படியான ஸ்கூலுகள் கனக்க கம்பனிச் சட்டத்தின்கீழ பதிஞ்சு நடக்கிறவை, அரசாங்கப் பாடசாலை மாதிரி கல்வி அமைச்சுக்குக் கீழ வராது. அதால காசு கட்ட முதல் நீங்களே பாத்துக்கொள்ளத்தான் வேணும்.

பிள்ளையளுக்கு டெப் குடுக்கிறதே பிழை எண்டு நான் சொல்லேல்ல. பெரிய காசுள்ள இடங்களிலயே சறுக்கியிருக்கு. 2013ல அமெரிக்காவில லொஸ் ஏஞ்சலிஸ் அரசாங்கப் பள்ளிக்கூடங்களில எல்லாப் பிள்ளைக்கும் ஐபேட் எண்டு தொடங்கி, பிள்ளையள் கொஞ்ச நாளிலயே லொக்கக் கழட்டிப்போட, கொம்பனி பாடமும் முழுசா முடிக்காமலே குடுத்திருக்கு எண்டு பிரச்சினையாகி, 2014ல அந்த ஒப்பந்தத்த நிப்பாட்டினவை. அங்கயே அப்படியெண்டா, இங்க ஒரு ரவுட்டரோட தொடங்கின ஸ்கூல்ல நாங்கள் எவ்வளவு கேள்வி கேட்டிருக்க வேணும். என்ன மொடல், ஆரின்ர பேரில ரிசீட், ஸ்கூல விட்டுப் போனா டெப் ஆருக்கு, உடைஞ்சா எத்தினை நாளில திருத்துவினம், அதுவரைக்கும் பிள்ளை எதில படிக்கும். வாயால சொல்லுறத விட்டுட்டு கடிதத்தில கேளுங்கோ. நாங்களே கடையில வாங்கித் தரலாமா எண்டும் கேளுங்கோ. நான் பிறகு கேட்டதுக்கு "எங்கட சொப்ட்வெயார் வேற டெப்பில ஓடாது" எண்டவை. அந்த சொப்ட்வெயாருக்குள்ள இருந்தது நான் மேல சொன்ன பாடப்புத்தகம்தான்.

ஜூலையில மகன விலத்தினம். விலத்தல் கடிதம் குடுத்து ரெண்டாம் நாள் டெப் தானா லொக் ஆகிட்டுது, ஸ்கிரீனில ஒபிஸ தொடர்புகொள்ளவும் எண்டு மட்டும் நிண்டுது. ரிப்பெயார் தம்பி ரீசெட் பண்ணிப் பாக்கலாம் எண்டார், நான்தான் வேண்டாம் எண்டன், லோயருக்குக் காட்ட அது அப்படியே இருக்கட்டும். பட்டரிய மட்டும் கழட்டி எடுத்தாச்சு.

அந்த ஸ்கூல்ல காசு கட்டின பெற்றார் இத வாசிச்சா, பேங்க் ஸ்லிப்பையும் ரிசீட்டையும் எறிஞ்சு போடாதேங்கோ, எனக்கு இன்பொக்ஸில எழுதுங்கோ. இதுவரைக்கும் பதினொரு குடும்பம் சேர்ந்திருக்கிறம். மகன் இப்ப பழைய ஸ்கூலுக்கே போறான், அதே பாரமான பையோட. அவனுக்கு நேர அட்டவணைப்படி அந்தந்த நாள் புத்தகத்த மட்டும் இரவில நானே இருந்து எடுத்து வைக்கிறன், கொஞ்சம் பாரம் குறையுது.