குத்தூசியா, எழுத்தாணியா? பழைய தோல் கருவிகளை இனம் காண்பது

திருநெல்வேலிப் பக்கம் பழைய இரும்புக் கடைகளில் கூரான கம்பி எது கிடைத்தாலும் அதற்கு ஒரே பெயர்தான், எழுத்தாணி. "ஓலையில எழுதுனது அண்ணாச்சி, பாத்து எடுங்க" என்று சொல்லி விலையையும் அதற்கேற்றபடி ஏற்றிவிடுவார்கள். நான் பார்த்தவற்றில் பல, செருப்பும், மாடு கட்டிக் கிணற்றுநீர் இறைக்கும் கமலைக் கூனையின் தோல் வாலும் தைத்த குத்தூசிகள். சுவடிக்குக் கிடைக்கிற மரியாதை தோல் வேலைக்குக் கிடைக்காததால், ஒரு தொழிலின் சாட்சி இன்னொன்றின் கணக்கில் ஏறிவிடுகிறது. எனக்கு இது பெரிய வருத்தம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுவோம்.

முதலில் முனை. எழுத்தாணி ஓலையின் மேற்பரப்பை மட்டும் கீற வேண்டும், கிழித்துவிடக் கூடாது. அதனால் முனை உருண்டு கூம்பியிருக்கும். குத்தூசிக்குத் தோலை ஊடுருவ வேண்டும். தையலுக்கான நல்ல குத்தூசியின் அலகைக் குறுக்கே பார்த்தால் சாய்சதுரமாகத் தெரியும். அது போடும் துளை வட்டமாக இருக்காது, சின்னக் கீறலாக விழும். நூலை இழுத்து இறுக்கியதும் தோல் அதைச் சுற்றி மூடிக்கொள்ளும். உருண்டை அலகுள்ள குத்தூசியும் உண்டு என்பதால் முனையை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். ஆனால் முனையை ஒட்டிப் பக்கவாட்டில் ஒரு வெட்டு இருந்தால் எழுத்தாணி என்ற பேச்சே கிடையாது. அது கொக்கி ஊசி. தோலைக் குத்தி இறக்கி, அடியில் பிடித்திருக்கும் நூலை அந்த வெட்டில் மாட்டி மேலே இழுப்பார்கள். பஸ் ஸ்டாண்டு ஓரம் செருப்புத் தைப்பவர் கையில் இன்றைக்கும் பார்க்கலாம்.

நான் அதிகம் நம்புவது வால் பக்கத்தைத்தான். எழுத்தாணி பெரும்பாலும் நுனி முதல் அடி வரை உலோகம். கையில் பிடிக்கிற இடம் வழுவழுவென்றிருக்கும், மேல் முனையில் குண்டோ வேலைப்பாடோ கத்தி அலகோ இருக்கும். குத்தூசிக்கு உள்ளங்கையில் அழுந்தி உட்காரும் மரப்பிடி வேண்டும். மரம் செல்லரித்துப் போனால் மிஞ்சுவது இரும்பு மட்டுமே. அதன் வால் சதுரமாக, சொரசொரவென்று, சம்மட்டி அடித்த தடத்தோடு குறுகிப்போகும். பிடிக்குள் மறையப்போகிற பாகத்தைக் கொல்லர் ஏன் மெனக்கெட்டுத் தேய்க்கப்போகிறார்? அலகு பளபளப்பாகவும் வால் கரடாகவும் இருந்தால் அது குத்தூசி என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

அடுத்த குழப்பம் வெட்டுக் கருவிகளில். தோல் சீவும் உளியைத் தச்சர் உளி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். தச்சர் உளி கொட்டாப்புளியில், அதாவது மரச் சுத்தியலில், அடி வாங்கும், அதனால் பிடியின் தலை நசுங்கியிருக்கும். தோல் உளி கையால் தள்ளிச் சீவுவது. தலையில் காயம் இருக்காது, அலகு அகலமாகவும் மெல்லிசாகவும் இருக்கும். திசையன்விளைப் பக்கம் பனையேறிகளின் பாளை அரிவாளையும் தோல் கத்தி என்று காட்டுவதுண்டு. அதற்கு வெட்டும் விளிம்பு வளைந்த பக்கவாட்டில். தோல் உளிக்கு நுனியில். அவ்வளவுதான் வித்தியாசம், ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

சரி, எப்படி உறுதி செய்வது? இணையப் படங்களில் பெரும்பாலும் ஐரோப்பியக் கருவிகள்தான் வருகின்றன. நம்மூர்க் கருவிகள் பெரும்பாலும் ஊர்க் கொல்லர் அடித்தவை. முத்திரையும் கிடையாது, இரண்டு ஒன்றுபோல இருப்பதும் அபூர்வம். எழுத்தாணியோடு ஒப்பிட ஏதாவது அருங்காட்சியகத்துக்குப் போகலாம். தோல் கருவிக்கு நான் தெருவோரச் செருப்புக் கடையைத்தான் சொல்வேன். கருவியை நீட்டிப் பெயர் கேட்பதைவிட, "இத எப்படிப் பிடிப்பீங்கண்ணே?" என்று கேளுங்கள். கை தானாக உட்காருகிற விதமே பாதி பதில்.

அதற்கு முன்னால் உப்புத்தாளைத் தொடாதீர்கள். ஆவாரம் பட்டையில் பதனிட்ட ஈரத் தோல் இரும்பில் பட்டால் கறுப்பாகக் கறை பிடிக்கும். அந்தக் கறையும், நூலுக்குப் போட்ட மெழுகும், சொரசொரப்பான வாலும் ஒரே தேய்ப்பில் போய்விடும். தூசியை உலர்ந்த துணியால் துடைத்து, கொஞ்சம் எண்ணெய் தடவி வைத்தால் போதும்.