பிளாக்மேஜிக் பாக்கெட் 6கே: அழகர் ஆற்றில் இறங்கும் விடியலுக்குத் தாங்குமா?

தாராளமாகத் தாங்கும். 2019-இல் வந்த கேமராதான், ஆனால் 400, 3200 என இரண்டு நேட்டிவ் ஐஎஸ்ஓ (சென்சாரின் இயல்பான ஒளி உணர்திறன் அளவு) இருப்பதால் வைகைக் கரை இருட்டிலும் முகங்கள் சுத்தமாக வருகின்றன, தீப்பந்தமும் ட்யூப்லைட்டும் கலந்து நிறம் குழம்பினாலும் சென்சார் தரவை அதிகம் மாற்றாமல் சேமிக்கும் பிளாக்மேஜிக் ரா ஃபைல் என்பதால் ஒயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகவே தெரிய வைக்கும் நிறச் சமநிலையை) அப்புறம் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் நிதானமாகச் சரிசெய்யலாம். சென்சார் தரவை வண்ணப் படமாக மாற்றும் டிபேயரிங் வேலையில் ஒரு பகுதியைக் கேமராவே முடித்துவிடுவதால் எடிட்டிங்கில் கம்ப்யூட்டர் அவ்வளவு திணறாது, எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். ரிசால்வ் இலவசப் பதிப்பே இந்த ஃபைலைத் திறக்கும். கேமராவைப் புதிதாக வாங்கினால் கட்டணப் பதிப்பான ஸ்டூடியோவும் சேர்ந்தே வரும்.

தொடர் ஆட்டோஃபோகஸ் கிடையாது, கூட்டத்தில் ஃபோகஸ் இழுக்க (லென்ஸைக் கையால் திருப்பி ஃபோகஸை மாற்ற) கை பழகியிருக்க வேண்டும். எல்பி-இ6 பேட்டரி சீக்கிரம் தீரும். கல்யாண வீடியோவுக்கு வேண்டாம். குறும்படம் எடுக்கும் பசங்க யோசிக்காமல் வாங்கலாம்.